மருந்துச்சீட்டில் ஒரு தூக்கப் பயிற்சி

படுக்கை இருக்கிறது, நேரம் இருக்கிறது, வீடும் அமைதியாகத்தான் இருக்கிறது. தூக்கம் மட்டும் பிடிப்பதில்லை. வாரத்தில் 3 இரவுகளாவது இப்படிக் கழிந்து, அந்த நிலை 3 மாதங்களுக்குக் குறையாமல் நீடித்து, பகல் வேலையையும் மனநிலையையும் கெடுக்கத் தொடங்கினால் மருத்துவம் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறது. தூங்க வாய்ப்பே கிடைக்காமல் விழித்திருப்பது இதில் சேராது. கைக்குழந்தைக்காகக் கண்விழிக்கும் தாயும் இரவு முறை வேலைக்குப் போகும் தொழிலாளியும் தூக்கத்தை இழந்தவர்கள். ஆனால் படுத்தவுடன் தூங்கிவிடுவார்கள். தூக்கமின்மை நோயாளிக்கு அந்த வரம் இல்லை. படுக்கப் போகும்போது சொக்கிய கண், தலையணையில் தலை வைத்ததும் தெளிந்துவிடுகிறது.

பெரியவர்களில் 100க்கு 6 முதல் 10 பேர் வரை இந்த நோயின் வரையறைக்குள் வருகிறார்கள். ஆண்களைவிடப் பெண்களிடமும், வயது ஏற ஏறவும் இது கூடுகிறது. நெடுங்காலம் இதை ஒரு நோயாக யாரும் எண்ணவில்லை. மனச்சோர்வின் நிழல், வலியின் விளைவு, கவலையின் துணைவன் என்றே கருதினார்கள். மூல நோய் தீர்ந்தால் தூக்கம் தானாக வரும் என்று காத்திருந்தார்கள். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பகுப்புக் கையேடு அந்தப் பார்வையை மாற்றியது. வேறு நோய் கூட இருந்தாலும் தூக்கமின்மையைத் தனி நோயாகக் குறித்து, தனியே சிகிச்சை தர வேண்டும் என்றாயிற்று. நோயாளிகளுக்கு இது பெரிய நியாயம். மனச்சோர்வு வந்து போன பிறகும் தூக்கம் திரும்பாமல் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள் ஏராளம்.

தூக்கம் ஏன் திரும்புவதில்லை என்பதற்குத் தெளிவான விடையைத் தந்தவர் நியூயார்க் உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன். 1980களில் அவர் முன்வைத்த விளக்கத்தில் மூன்று காரணங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, இயல்பிலேயே லேசாகத் தூங்கும் உடலமைப்பு அல்லது எளிதில் பதறும் மனம். இரண்டாவது, தூக்கத்தைக் கலைத்த நிகழ்ச்சி: ஒரு மரணம், வேலை இழப்பு, அறுவைச் சிகிச்சை, வீட்டுச் சண்டை. மூன்றாவதுதான் சிகிச்சைக்கு முக்கியம்: தூக்கத்தைத் திரும்பப் பிடிக்க மனிதர் செய்யும் காரியங்களே தூக்கமின்மையை நிலைக்கவைக்கின்றன. இரவு கெட்டதால் மறுநாள் சீக்கிரம் படுக்கிறார். காலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் புரள்கிறார். மத்தியானம் சோபாவில் சாய்கிறார். ஞாயிற்றுக்கிழமை 10 மணி வரை எழுவதில்லை. ஒவ்வொன்றும் நியாயமான காரியமாகவே படும். எல்லாம் சேர்ந்து, 6 மணி நேரத் தூக்கத்தை 9 மணி நேரப் படுக்கைக்குள் கிழித்துப் பரப்பிவிடுகின்றன. தூக்கத்தைக் கெடுத்த நிகழ்ச்சி என்றோ முடிந்திருக்கும். இந்தப் பழக்கங்கள் மட்டும் தங்கிவிடும்.

இதற்கு உடலியல் அடிப்படையும் உண்டு. சூரிச் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. ஒன்று உடலின் 24 மணி நேரக் கடிகாரம். மற்றது விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். பகலெல்லாம் கொறித்துக்கொண்டே இருந்தவருக்கு இரவுச் சாப்பாட்டில் பசி எடுக்காதது போல, மாலையில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தவருக்கு இரவு 10 மணிக்குப் போதிய அழுத்தம் சேர்ந்திருக்காது. சீக்கிரம் படுப்பதும் தாமதமாக எழுவதும் இந்த இரண்டு விசைகளையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் செய்துவிடுகின்றன.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை கைவைப்பது ஸ்பீல்மன் சொன்ன மூன்றாவது காரணத்தில்தான். தூக்கமின்மைக்கான இந்தச் சிகிச்சை ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்ததல்ல. 1972இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர், படுக்கையும் விழிப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதை எப்படிப் பிரிப்பது என்று ஒரு முறையை எழுதினார்; சிகிச்சையின் முதல் தூண் அது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போக வேண்டும். கால் மணி நேரம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் சுவையற்ற எதையாவது செய்துகொண்டிருந்து, தூக்கம் வந்த பிறகே திரும்ப வேண்டும். படுக்கையில் சாப்பாடு, தொலைக்காட்சி, கைப்பேசி, கணக்கு வழக்கு எதுவும் கூடாது. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகல் தூக்கம் கூடாது. ஐந்து விதிகள், படிக்க எளிது. ஜனவரி மாதத்தில், வெப்பமூட்டி தணிக்கப்பட்ட வீட்டில், இரவு 2 மணிக்குப் போர்வையை விலக்கி எழுவது எவ்வளவு கடினம் என்று வட ஜெர்மனியில் வாழ்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தூண் 1987இல் ஸ்பீல்மன் வகுத்த படுக்கை நேரக் குறைப்பு. இதை எண்களோடு பார்த்தால்தான் அதன் கடுமையும் நேர்த்தியும் புலப்படும். ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 6.30க்கு எழுகிறார், படுக்கையில் எட்டரை மணி நேரம். ஒரு வாரம் எழுதிய தூக்கக் குறிப்பேட்டின்படி அவர் சராசரியாகத் தூங்குவது ஐந்தரை மணி நேரம். தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்தால் 65 சதவீதம் வருகிறது. இதைத் தூக்கத் திறன் என்பார்கள். நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு அது 85க்கு மேல் இருக்கும். சிகிச்சை இப்போது அவருக்குத் தரும் படுக்கை நேரம் ஐந்தரை மணி மட்டும். காலை 6 மணிக்கு எழுந்தாக வேண்டுமென்றால் இரவு 12.30க்கு முன் படுக்கக் கூடாது. முதல் சில நாட்கள் பகலில் கண் எரியும், எரிச்சல் வரும், வேலை ஓடாது. ஆனால் அழுத்தம் சேர்ந்துகொண்டே போகும். ஓர் இரவு, படுத்த சில நிமிடங்களில் தூக்கம் அடித்துப் போட்டுவிடும். வாரச் சராசரித் திறன் 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவந்து 12.15 ஆக்கலாம். 80க்குக் கீழே இருந்தால் இன்னும் 15 நிமிடம் குறைக்க வேண்டும். எப்படியிருந்தாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோவது வழக்கமில்லை. இப்படி வாரா வாரம் கூட்டிக் கூட்டி, அவருடைய உடலுக்குத் தேவையான அளவை அவரே கண்டுகொள்கிறார்.

மூன்றாவது தூண் எண்ணங்கள் சார்ந்தது. கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மோரின் 1993இல் வெளியிட்ட நூல் இந்தத் துணுக்குகளை எல்லாம் ஒரே சிகிச்சையாகத் தொகுத்தது. ‘எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் நாளை வேலையில் தவறிழைப்பேன், வேலை போய்விடும், உடம்பு கெட்டுவிடும்’ என்று இரவு 3 மணிக்கு ஓடும் எண்ணச் சங்கிலி உடலை உஷார்ப்படுத்துகிறது. உஷாரான உடல் தூங்காது. உளவியலாளர் ஆலிசன் ஹார்வி 2002இல் இந்தச் சுழலை விரிவாக விளக்கினார்: கவலை விழிப்பைக் கூட்டுகிறது, விழித்தவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்த்ததும் மீதமுள்ள மணிகளைக் கணக்கிடுகிறார், கணக்கு கவலையைக் கூட்டுகிறது. சிகிச்சை அந்த எண்ணங்களை எழுதவைத்து, முன்பு மோசமாகத் தூங்கிய மறுநாட்களில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்கிறது. இவற்றோடு எட்மண்ட் ஜேக்கப்சன் 1930களில் பரப்பிய தசைத் தளர்வுப் பயிற்சியும் சேரும்.

பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த அறிவுரைகள் இந்தச் சிகிச்சையில் மிகச் சிறிய பங்கே வகிக்கின்றன. மாலைக்கு மேல் காபி வேண்டாம், அறை குளிர்ச்சியாக இருக்கட்டும், படுக்குமுன் வெதுவெதுப்பான பால் என்பவை தவறல்ல. ஆனால் 10 ஆண்டுகளாகத் தூங்காதவர் இவற்றை எல்லாம் எப்போதோ செய்து பார்த்திருப்பார். மருத்துவர் மறுபடியும் அதையே சொல்லும்போது, தம் துன்பத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்று அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. தூக்கச் சுகாதார அறிவுரை மட்டும் தனித்து நாள்பட்ட தூக்கமின்மையைத் தீர்க்காது. தூக்கத்தை மாற்றுவது படுக்கை நேரக் குறைப்பும் படுக்கையை விட்டு எழும் விதியும்தான்.

மருந்துகள் இன்னொரு வழி. டயசெபாம் வகையும், சோல்பிடெம், சோபிக்ளோன் போன்றவையும் அன்றிரவே வேலை செய்யும். அதுதான் அவற்றின் கவர்ச்சி. ஆனால் சில வாரங்களில் உடல் பழகிக்கொள்கிறது, சார்பு உண்டாகிறது, நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகிறது, முதியவர்கள் இரவில் எழுந்து விழுந்து எலும்பு முறித்துக்கொள்கிறார்கள். எனவே 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை நடத்தைச் சிகிச்சையே என்று பரிந்துரைத்தது. 2017இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக மருத்துவமனையின் டீட்டர் ரீமன் தலைமையில் உருவான ஐரோப்பிய வழிகாட்டி நெறியும், ஜெர்மன் தூக்க மருத்துவச் சங்கத்தின் நெறியும் அதையே சொல்லின. மருந்து, அந்தச் சிகிச்சை பலிக்காதபோது அல்லது கிடைக்காதபோது, அதுவும் 4 வாரங்களுக்கு மிகாமல்.

‘கிடைக்காதபோது’ என்ற நிபந்தனைக்குள்தான் பெரும்பாலான நோயாளிகள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் உளச்சிகிச்சை தொடங்குவதற்கு முதல் ஆலோசனையிலிருந்து சராசரியாக ஏறத்தாழ 5 மாதம் காத்திருக்க வேண்டியிருந்ததை 2019ஆம் ஆண்டுக் கணக்கு காட்டியது. அந்த இடம் கிடைத்தாலும், தூக்கமின்மைக்கென்றே பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அமைவது அரிது. குடும்ப மருத்துவருக்கு ஒரு நோயாளிக்காக ஒதுக்க முடிவது சில நிமிடங்கள். படுக்கை நேரக் குறைப்பை விளக்கி வாரா வாரம் குறிப்பேட்டைக் கணக்கிட அது போதாது. ஆக, வழிகாட்டி நெறி முதலில் வைத்தது கடைசியிலும், கடைசியில் வைத்தது முதலிலும் நோயாளியின் கைக்கு வந்தன. தலைசிறந்த மருந்துக் கடைகளும் மருத்துவக் காப்பீடும் உள்ள நாட்டிலேயே இந்தத் தலைகீழ் நிலை இருந்தது வருந்தத்தக்கது. இந்த இடைவெளியை நிரப்ப வந்த இணையவழிச் சிகிச்சையின் பெருமை அதன் புதுமையில் இல்லை. 1972லும் 1987லும் எழுதப்பட்ட பழைய விதிகளை, அவை எட்டாமல் போனவர்களுக்கு எட்டச் செய்ததுதான் அதன் பணி.

இந்தச் சிகிச்சை கணினிக்கு ஏற்றதாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. அதில் பாதிக்கு மேல் கணக்கு. குறிப்பேட்டு எண்களை வாங்கி, சராசரி எடுத்து, அடுத்த வாரத்தின் படுக்கை நேரத்தைச் சொல்வதை நிரல் ஒன்று பிழையின்றிச் செய்யும். ஸ்வீடனின் உப்சாலாவில் கெர்ஹார்ட் ஆண்டர்சனும் கூட்டாளிகளும் 109 பேரைக் கொண்டு 5 வாரப் பயிற்சி ஒன்றைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். இணையத்தில் நடந்த முதல் ஒழுங்கான சோதனை அது. 2009இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் லீ ரிட்டர்பேண்ட் குழு 45 பேரிடம் முழுத் தானியங்கிப் பாடம் ஒன்றைச் சோதித்தது. 2012இல் கிளாஸ்கோவின் காலின் எஸ்பி 164 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்: ஒரு குழுவுக்குத் திரையில் அசைபடச் சிகிச்சையாளர் நடத்தும் உண்மைப் பாடம், இன்னொன்றுக்கு அதே தோற்றத்தில் வெறும் போலிப் பாடம், மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு. உண்மைப் பாடம் எடுத்தவர்களின் தூக்கத் திறன் ஏறத்தாழ 20 சதவீதமும் மற்ற இரு குழுக்களில் 6 சதவீதமும் உயர்ந்தது. திரையைப் பார்த்த நம்பிக்கையால் மட்டும் பலன் வரவில்லை, பாடத்தின் உள்ளடக்கத்தால் வந்தது என்று அந்தப் போலிப் பாடக் குழு நிறுவியது.

இந்தத் துறையில் ஜெர்மன் ஆய்வின் முக்கியமான பகுதி, ஹனோவரைத் தலைநகராகக் கொண்ட நீடர்சாக்சன் மாநிலத்தில் நடந்தது. லூனபுர்க் நகரின் லாய்ஃபானா பல்கலைக்கழகத்தில், ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு ‘கெட் ஆன்’ என்ற இணையவழி நலத்திட்டம் உருவானது. டேவிட் ஏபர்ட், டிர்க் லேர், மத்தியாஸ் பெர்கிங் முதலியோர் அதில் முன்னின்றவர்கள். தூக்கத்துக்கு அவர்கள் தேர்ந்துகொண்டவர்கள் பள்ளி ஆசிரியர்கள். தேர்வு பொருத்தமானது. ஆசிரியரின் வேலை பள்ளி மணியோடு முடிவதில்லை. விடைத்தாள் வீட்டுக்கு வருகிறது, பெற்றோரின் மின்னஞ்சல் இரவு 9 மணிக்கு வருகிறது, மறுநாள் 8ஆம் வகுப்பில் நடக்கப்போகும் கலகம் படுக்கையிலேயே ஒத்திகையாக ஓடுகிறது.

எனவே அவர்களின் பாடம் வழக்கமான விதிகளோடு நிற்கவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே எல்லை வகுக்கும் பயிற்சி, மனத்தில் சுழலும் வேலைச் சிந்தனையை நிறுத்தும் உத்தி, ஓய்வுக்குரிய செயல்களைத் திட்டமிடுதல், அன்று நன்றி பாராட்டத்தக்கவற்றைக் குறித்துவைத்தல் ஆகியவையும் 6 பாடங்களில் சேர்ந்தன. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் பயிற்சியாளர் ஒருவர் எழுத்தில் பதில் அனுப்பினார். 128 ஆசிரியர்கள் பங்கேற்ற இந்தச் சோதனை 2015இல் வெளியானது. தூக்கமின்மையின் கடுமையை மோரினின் 7 கேள்வி அளவுகோலால் அளந்தார்கள். 0 முதல் 28 வரை மதிப்பெண் தரும் அந்த அளவுகோலில் 15ஐ எட்டினால் மருத்துவக் கவனம் தேவை. 8 வாரங்களுக்குப் பின் பாடம் எடுத்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் இடையிலான வேறுபாடு, ஆய்வாளர் மொழியில் 1.45 என்ற விளைவளவாக இருந்தது. 0.8 இருந்தாலே பெரிய பலன் என்று கொள்ளும் துறையில் இது கவனிக்கத்தக்க எண். காத்திருப்புப் பட்டியலோடு ஒப்பிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. வேறொரு சிகிச்சையோடு ஒப்பிட்டிருந்தால் எண் சிறுத்திருக்கும். அந்தப் பாடத்தின் வழிவந்ததுதான் இன்று ‘ஹலோபெட்டர் ஷ்லாஃபன்’ என்ற பெயரில் கிடைக்கும் பயிற்சி.

ஆய்வில் வென்றது அங்காடிக்கு வருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. 2019 நவம்பர் 7 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம் எண்மக் கவனிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. மருத்துவர் மருந்தை எழுதித்தருவது போலவே கைப்பேசிச் செயலியையும் எழுதித்தரலாம், பொதுக் காப்பீட்டில் உள்ள ஏறத்தாழ 7.3 கோடிப் பேருக்கும் காப்பீட்டு நிதியமே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இந்த வகையில் உலகிலேயே முன்னோடி நாடு ஜெர்மனி. இப்படி எழுதித்தரத்தக்க செயலிகளை ஜெர்மானியர் ‘டிகா’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பான் நகரிலுள்ள கூட்டாட்சி மருந்து, மருத்துவக் கருவிகள் நிறுவனம் ஒவ்வொன்றையும் 3 மாதத்துக்குள் ஆராய்ந்து பட்டியலில் சேர்க்கும். போதிய சான்று கையில் இல்லாத செயலிக்கு ஓராண்டு தற்காலிக இடம் கொடுத்து, அதற்குள் சான்றோடு வரச் சொல்லும். முதல் இரண்டு செயலிகள் 2020 அக்டோபர் 6 அன்று சேர்ந்தன. அதே மாதம் 22ஆம் தேதி லைப்சிக் நகரத்து நிறுவனம் ஒன்றின் ‘சோம்னியோ’ என்ற தூக்கமின்மைச் செயலி பட்டியலுக்கு வந்தது. 56 பேரைக் கொண்ட சோதனையை அதற்கு முந்தைய ஆண்டே வெளியிட்டிருந்ததால் அதற்கு நிரந்தர இடமே கிடைத்தது.

விலை பற்றி ஒரு சச்சரவு எழுந்தது. முதல் ஆண்டில் தயாரிப்பாளரே விலையைக் குறிக்கலாம் என்று சட்டம் விட்டிருந்தது. சோம்னியோவின் 90 நாள் பயன்பாட்டுக்கு முதலில் 464 யூரோ. காப்பீட்டு நிதியங்களின் கூட்டமைப்போடு பேரம் முடிந்தபின் 224.99 யூரோ. பாதிக்குக் கீழே இறங்கிய அந்த விலை, முதல் விலை எவ்வளவு தாராளமாக வைக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. காப்பீட்டு நிதியங்களின் முறையீட்டில் நியாயம் இருந்தது. அதேவேளை, ஆசிரியர் ஆய்வோடு சேர்ந்த பொருளாதாரக் கணக்கு, பயிற்சிக்கான செலவைவிட, நோய்விடுப்பும் வேலைத் தளர்ச்சியும் குறைந்ததால் முதலாளிக்குத் திரும்பிய பணம் கூடுதலாக இருக்கும் என்றே மதிப்பிட்டது.

ஹனோவரில் இது எப்படி நடக்கிறது என்று ஒரு நோயாளியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். பொதுக் காப்பீட்டு நிதியங்களான கே.கே.எச்., ஏ.ஓ.கே. நீடர்சாக்சன் இரண்டுக்கும் தலைமையகம் இங்கேதான். லிண்டன் பகுதியில் குடும்ப மருத்துவரிடம் ஒருவர் போகிறார். மருத்துவர் தைராய்டு, வலி, மனச்சோர்வு, மது, குறட்டை எல்லாவற்றையும் விசாரித்து, உடல் காரணம் இல்லாத தூக்கமின்மை என்று எஃப் 51.0 என்ற குறியீட்டை இடுகிறார். மருந்து எழுதும் அதே சீட்டில் செயலியின் பெயரும் எண்ணும் எழுதப்படுகின்றன. சீட்டைக் காப்பீட்டு நிதியத்துக்கு அனுப்பினால் 16 எழுத்துக் குறியீடு ஒன்று வருகிறது. அதைச் செயலியில் தட்டினால் பயிற்சி திறக்கும். மருந்துக்குக் கட்டும் சிறு பங்குத்தொகைகூட இதற்குக் கிடையாது. உளச்சிகிச்சையாளரும் எழுதித்தரலாம், நோய் உறுதியான சான்று இருந்தால் நோயாளியே நேராக நிதியத்திடம் கேட்கலாம்.

பயிற்சி திறந்த முதல் வாரத்தில் எதையும் மாற்றச் சொல்வதில்லை. தினமும் காலையில் குறிப்பேடு நிரப்ப வேண்டும்: எத்தனை மணிக்குப் படுத்தது, தூங்க எவ்வளவு நேரம் ஆனது, இரவில் எத்தனை முறை விழித்தது, கடைசியாக எப்போது எழுந்தது. சோம்னியோவில் ஆல்பர்ட் என்ற பெயருள்ள திரைப் பாத்திரம் கேள்வி கேட்டு விளக்கம் சொல்கிறது. குறிப்பேட்டு எண்கள் சேர்ந்ததும் படுக்கை நேரக் குறைப்பு தொடங்குகிறது. நோயாளிகள் உதிர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தூக்கம் வேண்டும் என்று வந்தவரிடம் இன்னும் குறைவாகப் படுக்கச் சொன்னால் கோபம் வரும். எதிரில் உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளர் முகக்குறிப்பைப் பார்த்துத் தைரியம் சொல்வார், ஓர் இரவு தவறினாலும் பரவாயில்லை என்பார். செயலி நினைவூட்டல் அனுப்பும், அணைத்துவிட்டால் பேசாது. லூனபுர்க் குழு மனிதப் பயிற்சியாளரின் எழுத்துப் பதிலைச் சேர்த்தது இதற்காகத்தான். விலை குறைகிறதென்று அந்த மனிதரை முற்றிலும் நீக்கிவிடுவது சரியான சிக்கனமாகப் படவில்லை.

பலன் எவ்வளவு? 2016இல் டென்மார்க்கின் ராபர்ட் சகரியேவும் மற்றவர்களும் 1,460 பேர் அடங்கிய 11 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். தூக்கமின்மையின் கடுமை குறைந்ததில் விளைவளவு 1.09, தூக்கத் திறனில் 0.58; மொத்தத் தூக்க நேரத்திலோ 0.29 மட்டும். அதாவது இந்தச் சிகிச்சை எட்டு மணி நேரத் தூக்கத்தைத் தருவதாக வாக்களிக்கவில்லை. ஐந்தரை மணி தூங்கியவர் ஆறு மணி தூங்குவார். ஆனால் படுத்ததும் தூங்குவார், நடுவில் விழித்தாலும் மறுபடி கண்ணயர்வார், இரவைக் கண்டு அஞ்சுவதை விட்டுவிடுவார். நோயாளிகள் மிகவும் மதிப்பது அந்தக் கடைசி மாற்றத்தைத்தான். முன்கூட்டியே இதைச் சொல்லாமல் விட்டால், கைக்கடிகாரம் காட்டும் மணிக்கணக்கைப் பார்த்து ஏமாந்துபோவார்கள்.

நேர்ச் சிகிச்சைக்கு இது ஈடாகுமா என்பதற்கு நார்வேயிலிருந்து நேர்மையான விடை கிடைத்தது. 101 நோயாளிகளைச் சிகிச்சையாளரிடமும் செயலியிடமும் பிரித்து அனுப்பிப் பார்த்தபோது, இரு குழுக்களும் தேறின. சிகிச்சையாளரிடம் போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். 2021இல் வந்த இந்த முடிவு இணையவழிச் சிகிச்சையைத் தள்ளுபடி செய்யவில்லை. சிகிச்சையாளர் கிடைத்தால் அவரிடமே போகலாம். கிடைக்காத பெரும்பான்மைக்குச் செயலி வெறும் மாத்திரையைவிட மேலான தொடக்கம். 2023இல் புதுப்பிக்கப்பட்ட ஐரோப்பிய நெறி, நேரிலோ எண்ம வடிவிலோ தரப்படும் நடத்தைச் சிகிச்சையை முதல் சிகிச்சையாக ஏற்றது. பிரிட்டனில் சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு 2022 மே மாதமே எஸ்பியின் ‘ஸ்லீப்பியோ’ என்ற தூக்கமின்மைச் செயலியைப் பரிந்துரைத்திருந்தது.

இது எல்லோருக்கும் ஆகாது. பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் முதலில் தூக்க ஆய்வுக்கூடத்தில் மூச்சுத்தடையைச் சோதிக்க வேண்டும். இருமுனை மனநோய் உள்ளவருக்குப் படுக்கை நேரக் குறைப்பு வெறியெழுச்சியைக் கிளப்பலாம். வலிப்பு உள்ளவருக்கு வலிப்பைத் தூண்டலாம். தற்கொலை எண்ணம் உள்ளவரைத் திரையோடு தனியே விடக் கூடாது. லாரி ஓட்டுநர், உயரத்தில் வேலை செய்பவர் முதலியோருக்கு முதல் வாரங்களின் பகல்நேரத் தூக்கக் கலக்கம் ஆபத்து. ஹனோவரின் ஷ்டோக்கன் பகுதியில் 1956 முதல் இயங்கும் ஃபோக்ஸ்வாகன் வணிக வாகன ஆலையைப் போல முறை வேலை நடக்கும் இடங்களின் தொழிலாளிக்கு ‘தினமும் காலை 6 மணிக்கு எழு’ என்ற விதியே பொருந்தாது. அவருடைய எழும் நேரத்தை ஆலைதான் தீர்மானிக்கிறது. வழக்கமான பாடங்கள் பகல் வேலைக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; இந்தக் குறை உண்மையானது, அவசரமானதும்கூட.

மொழி இன்னொரு மதில். இந்தச் செயலிகள் படித்து, எழுதி, யோசித்து நடத்த வேண்டியவை. நுட்பமான ஜெர்மன் தெரியாதவருக்குக் குறியீடு வந்தும் கதவு திறக்காது. 1983க்குப் பின் ஜெர்மனிக்கு வந்த ஈழத்தமிழர் குடும்பங்கள் ஹனோவரிலும் வேரூன்றியிருக்கின்றன. முத்துமாரியம்மனுக்கு இங்கே கோயிலும் உண்டு. அந்தத் தலைமுறையின் பெற்றோர் பலருக்கு மருத்துவரின் அறையில் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். ‘நித்திரை வரேல்லை’ என்ற ஒரு வரியைப் பிள்ளை ஜெர்மனில் சொல்லிவிடும். 3 மணிக்கு விழித்துக்கொண்டு எதை நினைத்தார் என்பதை அம்மா பிள்ளையிடம் சொல்ல மாட்டார். போரின் நினைவுகள் கனவாக வந்து எழுப்பினால் அங்கே தூக்கப் பயிற்சி மட்டும் போதாது. உளக்காயத்துக்கான தனிச் சிகிச்சையும் வேண்டும். காயத்தோடு தொடர்பில்லாத சாதாரணத் தூக்கமின்மைக்கோ தடை மொழி மட்டுமே. பூட்சினின் ஐந்து விதிகளும் ஒரு வாரக் குறிப்பேடும் ஒரே தாளில் தமிழில் அடங்கும். மருத்துவரின் மேற்பார்வையில் அந்தத் தாளோடு, தமிழ் அறிந்த ஒரு செவிலியரோ ஆலோசகரோ வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசினால் சிகிச்சையின் பெரும்பகுதி நடந்துவிடும். இதைச் செய்ய உயர்ந்த தொழில்நுட்பம் தேவையில்லை, யாராவது பொறுப்பெடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இதே வழி பொருந்தும். அல்பிரசோலம், சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருந்துச்சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனால் மருந்தைக் கட்டுப்படுத்துவதோடு மாற்றையும் கையில் கொடுத்தாக வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவித் திட்டம், 14416 என்ற எண்ணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் ஆலோசனை தருகிறது. ஏற்கெனவே தொலைபேசியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆலோசகர்களுக்குத் தூக்கக் குறிப்பேட்டைக் கணக்கிடவும், படுக்கை நேரத்தை 15 நிமிடம் கூட்டிக் குறைக்கவும் பயிற்றுவிப்பது எட்டாத காரியமல்ல.

ஜெர்மன் செயலிகளின் குறியீடு 90 நாட்களுக்குச் செல்லும். தேவையானால் மருத்துவர் மறுபடி எழுதித்தரலாம். கடைசிப் பாடங்கள் தூக்கம் மீண்டும் கெடும் நாளுக்கான ஆயத்தம். வாழ்வில் இன்னொரு மரணம், இன்னொரு வேலை நெருக்கடி வரும். சில இரவுகள் மறுபடியும் கெடும். அப்போது சீக்கிரம் படுத்து ஈடுகட்டத் தோன்றும். அதைச் செய்யாமல் எழும் நேரத்தை மாற்றாது வைத்து, ஒரு வாரம் மீண்டும் குறிப்பேடு எழுதி, படுக்கை நேரத்தைத் தூங்கிய அளவுக்குச் சுருக்கிக்கொள்ளச் சொல்கிறது பாடம். மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அளவைக் குறைப்பது இதற்குப் பிந்திய கட்டம். அதைத் தாமாகச் செய்யாமல், வாரக்கணக்கில் படிப்படியாக, எழுதித்தந்த மருத்துவரோடு பேசியே செய்ய வேண்டும்.